கித்தார் மேதை தாரெகா

இசைக்கு நாடு இல்லை, மொழி இல்லை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் நமக்குப் பழக்கமில்லாத இசைக்கருவியைக் கையில் எடுத்துவிட்டால் அம்மொழியை நாம் மறந்துவிடுகிறோம். சென்ற ஆண்டு விழாவுக்கு முன் நம் காலனியில் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் நம் விழா மேடையில் கித்தார் வாசிக்க விரும்பினான். வீணையும் வயலினும் ஒலிக்கும் மேடையில் கித்தாருக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் வினவினோம். தேர்வு நெருங்கும் வேளையில் இது தேவைதானா என்று அவன் தந்தையாரும் தயங்கினார். முடிவில் அவன் வாசிக்கவில்லை. வேண்டாம் என்றவர்களுள் நாமும் அடக்கம். கருவியை உறையில் இட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, எவரையும் பாராமல் இன்ஸ்டிடியூட் வாயிற்படி இறங்கி அவன் சென்ற காட்சி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். நாம் இசைப் புலமை பெற்றவரல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிப்பவர். எனினும், அப்பிள்ளை விரும்பிய கருவியின் வரலாற்றை அறியவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. இரவுப் பொழுதில் கிடைத்ததையெல்லாம் படித்தோம், கேட்டோம். அவ்வாறு தேடியபோது நம் முன் வந்து நின்றவர் ஸ்பெயின் நாட்டுக் கித்தார்க் கலைஞரும் இசையமைப்பாளருமான பிரான்சிஸ்கோ தாரெகா. அவர் வரலாற்றை நம் காலனிப் பெற்றோர்களும் பிள்ளைகளும் அறிவது நலம் என்று கருதி இங்கே தருகிறோம்.

வாய்க்காலும் கண்ணும்

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டிக் காஸ்டெல்லோன் என்னும் மாநிலம் உள்ளது. அங்கு வில்லாரியல் என்பது ஓர் ஊர். ஆற்று நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து பயிர் செய்யும் வளமான மண் அது. அவ்வூரில் 1852-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தாரெகா பிறந்தார். தந்தையார் ஒரு கன்னிமாடத்தைக் காவல் புரிந்து பிழைத்த ஏழை. ஓய்வு வேளையில் கித்தார் மீட்டி நாட்டுப்புற இசை வாசிப்பதில் அவருக்கு விருப்பம் உண்டு. தந்தையார் இல்லாத நேரங்களில் மகன் அக்கருவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கொள்வானாம்.

குழந்தைப் பருவத்திலேயே ஒரு கேடு நேர்ந்தது. தன்னைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்ணிடமிருந்து ஓடிய குழந்தை பாசன வாய்க்காலில் விழுந்துவிட்டான். உயிர் பிழைத்தது, கண்கள் கெட்டன. பார்வை முற்றும் போகவில்லையாயினும் வாழ்நாள் முழுதும் அவரைக் கண்நோய் வருத்தியது.

ஏழைத் தந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். மகன் ஒருநாள் முழுக் குருடாகிவிடக் கூடும். அப்போது அவன் எதைக்கொண்டு சோறு உண்பான்? தந்தையார் ஆழ்ந்து சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்தார். கண் இல்லாதவனும் செய்யத்தக்க தொழில் இசைத்தொழில். ஆகவே மகனுக்கு இசை கற்பிப்பதற்காகவே குடும்பத்தோடு காஸ்டெல்லோன் நகருக்குக் குடிபெயர்ந்தார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அத்தந்தையின் மனம் நன்கு விளங்கும். மேலும் ஒரு வியப்பு யாதெனில், தாரெகாவுக்கு முதன்முதல் இசை கற்பித்த ஆசிரியர் இருவரும் கண்பார்வை அற்றவர்கள். ஏவ்ஹேனியோ ரூயிஸ் என்பார் ஒருவர்; மானுவேல் கொன்சாலஸ் என்பார் மற்றவர். அச்சத்தினால் தொடங்கிய கல்வி அது. ஆயினும் பார்வையற்ற அவ்விருவரும் சிறுவனுக்கு வழிகாட்டினார்கள்.

ஓடிப்போன பிள்ளை

1862-ஆம் ஆண்டு ஹூலியான் ஆர்காஸ் என்னும் புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர் காஸ்டெல்லோனுக்கு வந்து வாசித்தார். சிறுவன் தாரெகாவின் வாசிப்பைக் கேட்டார். பிள்ளையைப் பார்சலோனா நகருக்கு அனுப்பினால் தாமே கற்பிப்பதாகத் தந்தையாரிடம் கூறினார். தந்தையார் இசைந்தார், ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். கித்தாரோடு பியானோவும் கற்கவேண்டும் என்பதே அது.

இந்நிபந்தனையின் காரணத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் பியானோவுக்கே மதிப்பு. மாளிகைகளிலும் மன்றங்களிலும் அதுவே கோலோச்சியது. கித்தாரோ, பாடுபவனுக்குப் பக்கத்தில் அமர்ந்து துணைசெய்யும் கருவி. மதுக்கடையிலும் தெருமுனையிலும் அதைக் காணலாம். ஒலியும் சிறியது. தனியாகக் கச்சேரி செய்தற்கு அது தகுதியற்றது என்பதே பலர் எண்ணம். ஆகவே பியானோ தெரிந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று தந்தையார் கணக்கிட்டார். சென்ற ஆண்டு நம் காலனியில் நாம் பேசிய பேச்சும் ஏறத்தாழ இதுவே அன்றோ!

பார்சலோனா சென்ற சிறிது காலத்திலேயே ஆர்காஸ் இசைச் சுற்றுப்பயணமாக வெளிநாடு புறப்பட்டுவிட்டார். பத்து வயதுச் சிறுவன் பெருநகரில் தனியே விடப்பட்டான். அவன் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. இருப்பிடத்தை விட்டு ஓடிப்போய்க் காப்பிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் கித்தார் வாசித்துப் பிழைக்கத் தொடங்கினான். தந்தையார் தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1865-இல், மீண்டும் ஓடினான். இம்முறை வாலென்சியா நகரில் நாடோடி இசைஞர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். மறுபடியும் தந்தையார் தேடிச் சென்று மீட்டார். மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது.

பிள்ளைகள் வீட்டைவிட்டு ஓடவேண்டும் என்பதற்காக இதை நாம் எழுதவில்லை. ஓடிய மகனை ஒவ்வொரு முறையும் தேடிச் சென்ற தந்தை, அவன் கைக்கருவியைப் பறித்து உடைத்துவிடவில்லை என்பதையே அன்பர்கள் கவனிக்கவேண்டும். பதின்பருவம் முடியுமுன் தாரெகா பியானோவிலும் கித்தாரிலும் கைதேர்ந்துவிட்டார். பின்பு வீடு திரும்பி, வாசித்து ஈட்டிய பொருளால் குடும்பத்துக்கு உதவினார்.

தச்சர் செய்த கருவி

புரியானா என்னும் ஊரில் தாரெகா பியானோ வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தோனியோ கானெசா என்னும் செல்வர் அவருடைய திறமையைக் கண்டு ஆதரித்தார். 1869-ஆம் ஆண்டு அவரைச் செவில் நகருக்கு அழைத்துச் சென்று நல்லதொரு கித்தார் வாங்கிக் கொடுத்தார். அதைச் செய்தவர் அந்தோனியோ டி தோரஸ்.

இத்தோரஸைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் மேலே செல்லுதல் இயலாது. இவர் அல்மேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்; சிறு வயதிலேயே தச்சுவேலை பயின்றவர். இன்று உலகெங்கும் உள்ள செவ்விசைக் கித்தாரின் அளவும் வடிவும் பெரும்பாலும் இவர் வகுத்தவையே. உடற்பகுதியை அகலமாக்கினார். மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, அதன் அடியில் விசிறிபோல விரியும் குச்சிகளை ஒட்டி வலிமை சேர்த்தார். கித்தாரின் ஒலிக்கு மேற்பலகையே உயிர் என்பது இவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கித்தார் படைத்தார். கூடத்தின் கடைசி இருக்கை வரை ஒலி எட்டாத குறையைத் தோரஸின் கைத்திறன் பெரிதும் போக்கியது.

தோரஸ் முதலில் எளியதொரு கித்தாரையே காட்டினார் என்றும், இளைஞர் அதனை வாசிக்கக் கேட்டபின் உள்ளே சென்று தமக்கென வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார் என்றும் கூறுவர். 1864-இல் செய்யப்பட்ட அக்கருவியே நெடுங்காலம் தாரெகாவின் துணையாயிற்று. தாரெகாவுக்கு அப்போது வயது பதினேழு நிரம்பவில்லை.

மாட்ரிட் நகரில்

1874-இல் தாரெகா தலைநகராகிய மாட்ரிட்டில் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எமிலியோ அரியேத்தா என்பாரிடம் இசை இயற்றும் முறையைப் பயின்றார். கல்லூரியில் படித்தவை இசை இலக்கணமும் பியானோவும். ஆனால் அவருடைய கித்தார் வாசிப்பைக் கேட்ட அரியேத்தா, பியானோவை விட்டுவிட்டுக் கித்தாரையே வாழ்வாகக் கொள்ளுமாறு அறிவுரை கூறினார். தந்தையார் ஐயத்தோடு நோக்கிய கருவியை ஆசிரியர் துணிவோடு கையில் கொடுத்தார். தாரெகாவின் வாழ்வு திசை திரும்பிய இடம் இதுவே.

எனினும் தந்தையார் விதித்த நிபந்தனை வீண்போகவில்லை. பியானோ கற்றதனாலேயே பெத்தோவன், சோபன், மெண்டெல்சன் முதலிய மேதைகளின் படைப்புகளைத் தாரெகாவால் நுணுகி அறிய முடிந்தது. பத்து விரலால் பியானோவில் வாசிப்பதை ஆறு நரம்பில் அடக்கி எழுதினார். கித்தாருக்கு உருப்படிகள் குறைவு என்ற குறையை இவ்வாறு நிரப்பினார். தம் நண்பராகிய இசாக் அல்பேனிஸ் பியானோவுக்கு எழுதிய ஸ்பானிய இசையையும் கித்தாருக்கு மாற்றினார்.

1881-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரிலும் பாரிஸிலும் வாசித்தார். ஸ்பெயினின் நாடகப் புலவர் கால்டெரோன் மறைந்த இருநூறாம் ஆண்டு விழா பாரிஸில் நிகழ்ந்தபோது அவர் கித்தார் ஒலித்தது. அங்கிருந்து லண்டன் சென்றார். லண்டனின் மூடுபனியும் புரியாத மொழியும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கச்சேரிக்குப் பின் அவர் முகம் வாடியிருப்பதைக் கண்ட சிலர் காரணம் கேட்டனராம்; வீட்டு நினைவு என்றாராம். அந்நினைவையே இசையாக்குமாறு அவர்கள் தூண்ட, கண்ணீர் என்று பொருள்படும் லாக்ரிமா என்னும் சிறு உருப்படி பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. வாசித்தால் ஏறத்தாழ இரண்டு நிமிடமே நீளும் இசை. ஊரை விட்டு வந்து முதல் பொங்கலைத் தனி அறையில் கழித்தவர் எவரும் நம் காலனியில் இருந்தால், அவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இல்லறமும் இழப்பும்

நோவெல்டா என்னும் ஊரைச் சேர்ந்த மரியா ஹோசே ரீசோ என்னும் நங்கையை 1882-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் தாரெகா மணந்தார். மாட்ரிட்டில் குடித்தனம் தொடங்கினர். பாடம் சொல்லியும் கச்சேரி செய்தும் வருவாய் தேடினார். குளிர்காலம் ஒன்றில் அவர்களுடைய பெண் குழந்தை மழலைப் பருவத்திலேயே மறைந்தது. அத்துயரை அந்நகரில் தாங்க இயலாதவராய், 1885-இல் பார்சலோனாவுக்குக் குடிபெயர்ந்தனர். வாழ்நாள் இறுதிவரை அதுவே அவர்கள் இருப்பிடமாயிற்று.

பார்சலோனாவில் அல்பேனிஸ், கிரனாடோஸ், பாப்லோ காசல்ஸ் முதலிய இசைவாணர்கள் அவர்க்கு நண்பராயினர். புகழ் வந்தது, செல்வம் வரவில்லை. பெருங்கூடத்தில் பல்லாயிரவர் முன் வாசிப்பதைவிட, நண்பர் சிலர் அமர்ந்த சிற்றறையில் வாசிப்பதே அவர்க்கு உவப்பு. அத்தகைய உள்ளம் படைத்தவர் பொருள் சேர்ப்பது எங்ஙனம்? செல்வ விதவையார் ஒருவர் பார்சலோனாவில் அவர் குடும்பம் தங்க வீடு கொடுத்து உதவினார். பிறர் உதவியில் வாழ்வது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கலைக்காக அதையும் அவர் ஏற்றார்.

அல்ஹம்பராவின் நினைவு

அவ்வம்மையாரே ஒருமுறை அவரைக் கிரானடா நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே மலைமேல் அல்ஹம்பரா என்னும் அரண்மனை உள்ளது. முஸ்லிம் மன்னர்கள் கட்டியது. வெட்டிய வாய்க்கால்களும் நீரூற்றுகளும் நிறைந்தது. அதன் நினைவாக 1890-களின் பிற்பகுதியில் அவர் இயற்றிய உருப்படி உலகப் புகழ் பெற்றது. அதன் பெயரே அல்ஹம்பராவின் நினைவுகள் என்பதாகும்.

கித்தார் நரம்பை மீட்டியவுடன் ஒலி எழுந்து, உடனே தேயத் தொடங்கும். வயலினில் வில்லை இழுப்பதுபோல ஒரு சுரத்தை நீட்டி நிறுத்த இயலாது. இக்குறையைத் தாரெகா எவ்வாறு வென்றார்? பெருவிரல் அடியில் ஒரு சுரத்தை மீட்ட, உடனே மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாய் மேல் நரம்பில் ஒரே சுரத்தை விரைந்து மீட்டும். முதல் ஒலி தேயுமுன் அடுத்த ஒலி எழுந்துவிடுவதால், கேட்போர்க்கு அது இடையறாத நீரோட்டம் போலத் தோன்றும். இருவர் வாசிப்பதாக மயங்குவோரும் உண்டு. துயரச் சாயலோடு தொடங்கும் இசை, நடுவில் சுரவரிசை மாறி ஒளி பெறுகிறது. வாய்க்கால் நீரில் கண்ணை இழக்க இருந்த குழந்தை, வாய்க்கால் நீர் ஓடும் அரண்மனையைக் காதுக்குக் காட்டினான் என்று நாம் எண்ணி எண்ணி வியந்தோம்.

கற்பித்த முறை

இன்று செவ்விசைக் கித்தார் வாசிப்போர் இடக்காலைச் சிறு பலகைமேல் வைத்து, கருவியை இடத் தொடையில் சார்த்தி அமர்கிறார்கள். இம்முறையைப் பரப்பியவர் தாரெகா. ஒரு நரம்பை மீட்டிய விரல் அடுத்த நரம்பில் வந்து தங்குமாறு வாசிக்கும் முறையையும் அவரே நன்கு வளர்த்து நிலைபெறச் செய்தார். 1902-ஆம் ஆண்டையொட்டி வலக்கை நகங்களை வெட்டிவிட்டு விரலின் சதையாலேயே வாசிக்கலானார். ஒலியின் அளவு குறைந்தாலும் இனிமை மிகும் என்பது அவர் கருத்து. புகழ் உச்சியில் இருந்தபோது, பழகிய முறையை விட்டுப் புதிதாய்ப் பயிலத் தொடங்கிய அவர் பணிவு போற்றத்தக்கது.

மிகேல் யோபெத், எமிலியோ புஜோல், டேனியல் போர்தேயா முதலிய மாணவர்கள் அவரிடம் பயின்று பெயர் பெற்றனர். இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கித்தாரைக் கச்சேரி மேடையேற்றிய ஆந்த்ரேஸ் செகோவியா அவரை நேரில் கண்டவரல்லர். எனினும் தாரெகாவின் உருப்படிகளை நாடு நாடாகக் கொண்டுசென்றார்.

இறுதி நாட்கள்

1906-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தாரெகாவைப் பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது. நரம்பை மீட்டும் கை எதுவோ அந்தக் கையே விழுந்துவிட்டது. அவர் சோர்ந்து கிடக்கவில்லை. சிறு குழந்தை கற்பதுபோல மீண்டும் விரல்களைப் பழக்கினார், மேடையும் ஏறினார். பழைய வலிமை முற்றிலும் திரும்பவில்லை. 1909-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் தம் கடைசி உருப்படியை எழுதி முடித்தார். தொழுவோம் என்று பொருள்படும் ஓரேமுஸ் என்பது அதன் பெயர். பதின்மூன்று நாள் கழித்து, டிசம்பர் 15-ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில் பார்சலோனாவில் இயற்கை எய்தினார். அவருடைய எச்சங்கள் பின்னர் காஸ்டெல்லோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

நம் வீட்டில் ஒலித்த இசை

இவ்வளவு தொலைவில் வாழ்ந்த ஒருவரின் இசையை நாம் கேட்டதே இல்லை என்று அன்பர்கள் நினைக்கலாம். அது சரியன்று. 1902-இல் அவர் இயற்றிய கிரான் வால்ஸ் என்னும் உருப்படியின் நடுவில் வரும் சில சுரங்களே, 1994 முதல் நோக்கியா கைப்பேசிகளில் அழைப்பு மணியாக ஒலித்தவை. ஒரு காலத்தில் நம் காலனியில் அது ஒலிக்காத வீடு உண்டா? ஊரிலிருந்து தாயாரின் குரல் வந்ததும் அம்மணியோடுதான்; பிறப்பும் இறப்பும் திருமணமும் தேர்வு முடிவும் நமக்கு எட்டியதும் அம்மணியோடுதான். வயலினும் ஒரு காலத்தில் மேலைநாட்டுக் கருவியாகவே நம்மிடம் வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். இன்று அதை அயலது என்பார் யார்? கருவியில் தாழ்வில்லை, கேட்க மறுக்கும் செவியிலேயே தாழ்வு உண்டு.

தாரெகாவின் தந்தையார் மகனுக்குச் சோறு கிடைக்கவேண்டுமே என்று அஞ்சினார். அது பெற்றோரின் கடமை. ஆனால் அஞ்சியவர், மகனின் கையைக் கட்டிவிடவில்லை. படிப்பும் இருக்கட்டும், இசையும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் இடம் வைத்தார். நாமும் அவ்வாறே செய்திருக்கலாம்.

சென்ற ஆண்டு மேடை மறுக்கப்பட்ட அம்மாணவன் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான் என்பதை அன்பர்கள் அறிவர். கித்தாரை அவன் விட்டுவிடவும் இல்லை. மாலை வேளையில் அவர்கள் குவார்ட்டர்ஸ் வழியே நடந்தால் சன்னலூடே அது கேட்கிறது. சில நாட்களாக நாம் அங்குச் சற்று நின்று கேட்டுவிட்டே வீடு திரும்புகிறோம். அவனுக்கு இவ்வாண்டு விழாவில் கால் மணி நேரம் ஒதுக்குமாறு செயற்குழுவினரை நாம் எழுத்து மூலம் வேண்டிக்கொண்டிருக்கிறோம். குழுவினர் இசைவார்கள் என்று நம்புகிறோம். அவன் வாசிக்கும்போது முன்வரிசையில் அமர்ந்து கேட்பது, சென்ற ஆண்டு வேண்டாம் என்ற நமது கடமையாகும்.

வாழ்க இசை! வளர்க நம் சங்கம்!